முப்பது கிராம் செம்பு

மோட்டார் காயில் கட்டும் கடையில் செம்புக் கம்பி கிலோ கணக்கில்தான் புழங்கும். கிணற்று மோட்டார் எரிந்து வந்தால் பழைய கம்பியை அறுத்தெடுத்துத் தராசில் போட்டுப் பார்த்து, அதற்குத் தக்கபடி புதுக் கம்பியைச் சுற்றுவார்கள். பல்லடத்தில் அப்படி ஒரு கடையில் போய் நின்று, "முப்பது கிராம் கம்பி வேணுங்ணா" என்றேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்ன கேஜுங்க?"

"நாப்பத்தாறு."

"நாப்பத்தாறுங்களா? மோட்டாருக்கு இருவது, இருவத்திரெண்டு. சீலிங் ஃபேனுன்னா முப்பத்தாறு. நாப்பத்தாறு கண்ணுக்கே தெரியாதுங்களே! அதுல என்னத்தச் சுத்தப் போறீங்க?"

"கிட்டாருக்குங்ணா."

"கிட்டாருக்கு எதுக்குங்க காயிலு? கம்பியத் தட்டுனா அதுவா சத்தம் குடுக்கப் போகுது!"

நியாயமான கேள்வி. அவருக்குத் திருப்தியாகப் பதில் சொல்ல எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

விஷயம் இதுதான். என் தங்கை மகன் கொல்கத்தாவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது பெட்டி படுக்கையோடு ஒரு பழைய ஹவாயன் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு வந்தான். ஆறு தந்தி, உள்ளே கூடு இல்லாத கெட்டி மர உடம்பு. மடியில் கிடத்தி, இடது கையிலுள்ள இரும்பு உருளையைத் தந்திகளின்மேல் வழுக்கிக்கொண்டே வாசிக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் செருகினால் மூச்சே இல்லை. தந்திகளுக்கு அடியில் இருந்த பிக்கப்பின் மூடி எங்கோ தொலைந்துவிட்டது. மல்டிமீட்டரை வைத்தால் காயில் அறுந்துபோனதாகக் காட்டியது. கடையில் புது பிக்கப் வாங்கிப் போடலாமென்று பார்த்தால் இந்தக் கிட்டாரின் தந்தி இடைவெளிக்கு எதுவும் பொருந்தவில்லை. ஆறு தந்தியும் சேர்ந்து 58 மில்லிமீட்டர் அகலம் பிடித்தன; கடையில் கிடைப்பவை ஏறக்குறைய 50-52 மில்லிமீட்டருக்கு அளவெடுத்தவை. "மாமா, நீங்கதான் சயின்ஸு எழுதறீங்களே, செஞ்சு குடுங்க பார்க்கலாம்" என்றான். சீண்டுகிறான் என்று தெரிந்தும் ஒப்புக்கொண்டேன்.

ஸ்டீல் கிட்டார் என்றதும் உடம்பே எஃகு என்று நினைக்கிறவர்கள் உண்டு. பெயர் வந்தது அந்த உருளையால்தான். ஹவாயில் 1874-ல் பிறந்த ஜோசப் கெகுகு, பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே கிட்டார் தந்தியில் இரும்பை வழுக்கி வாசிக்கத் தொடங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. 1940-களில் ஹவாய்க் கலைஞர் டாவ் மோ குடும்பத்தோடு கொல்கத்தாவில் தங்கியிருந்தார். அந்த நகரம் இந்தக் கருவியைப் பிடித்த பிடியை இன்றுவரை விடவில்லை. சுனில் கங்குலியின் ஹவாயன் கிட்டார் இசைத்தட்டுகளில் இந்திப் பாட்டு கேட்ட தலைமுறை ஒன்று உண்டு. ஜோத்பூர்க்காரரான பிரிஜ் பூஷண் காப்ரா இதே கருவியில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். 1967-ல் சிவ்குமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவுடன் அவர் சேர்ந்து கொடுத்த இசைத்தட்டு உலகம் சுற்றியது. விஷ்வ மோகன் பட் 1994-ல் கிராமி விருது வாங்கியதும் இதே வழுக்கு வித்தையில்தான். நமக்கு இதில் புதிதாக வியக்க ஒன்றுமில்லை. மெட்டே இல்லாத தண்டியில் உருளையை வழுக்கிக் கமகம் எடுக்கும் சித்திரவீணை, கோட்டுவாத்தியம் என்ற பெயரில் ஹவாய்க் கப்பலுக்குக் காத்திராமலே தஞ்சைப் பக்கம் வாசிக்கப்பட்டு வந்தது.

உலகத்தில் மின்சாரம் ஏறி, விலைக்கும் வந்து, நிலைத்துப்போன முதல் கிட்டார் இந்த மடிக் கிட்டார்தான் என்பது பலருக்குத் தெரியாது. ஹவாய் வாத்தியக் குழுக்களில் ராகத்தை எடுத்து வாசிப்பது இதுவே. ஆனால் நாலு கருவி சேர்ந்து முழங்கினால் இதன் சத்தம் அமுங்கிவிடும். இந்தக் குறையோடு மல்லுக்கட்டியவர் கலிஃபோர்னியாவில் இருந்த ஜார்ஜ் பீச்சம் என்கிற ஸ்டீல் கிட்டார்க்காரர். வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றி, அதை வைத்து முதல் காயிலைச் சுற்றினாராம். குதிரை லாடம் போன்ற இரண்டு காந்தங்கள், அவற்றின் வளைவுக்குள்ளே புகுந்து போகும் தந்திகள், தந்திகளுக்கு அடியில் ஒரு காயில்: இவ்வளவுதான் ஏற்பாடு. அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து 1932-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவிக்கு வார்ப்பு அலுமினிய உடம்பு. வட்டமும் நீளமான பிடியுமாகப் பார்ப்பதற்கு அச்சாக வாணலிபோலவே இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்தது. மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி நழுவும் என்பது தனிக் கதை.

காப்புரிமைக்கு 1934-ல் விண்ணப்பித்தார். இது வேலை செய்கிற சாமான்தானா என்றே அலுவலகத்துக்குச் சந்தேகம். கலைஞர்களை வாஷிங்டனுக்கு அனுப்பி வாசித்துக் காட்டவேண்டி வந்தது. 1937 ஆகஸ்டு 10-ல் உரிமை கைக்கு வருவதற்குள் மற்ற கம்பெனிகள் ஆளுக்கொரு மின்கிட்டார் போட்டுவிட்டன. அதே 1937-ல்தான் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுகிற மோட்டாரைச் செய்தார்கள். நாயுடு பிறந்த கலங்கல், பல்லடத்திலிருந்து கோவை போகிற சாலையில் சூலூருக்குப் பக்கத்து ஊர். இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே பௌதிகத்தின் இரு முகம். அதை வைத்துத்தான் காயில் கடைக்காரருக்கு விளக்கிப் பார்த்தேன்.

மோட்டாரில் என்ன நடக்கிறது? காயிலுக்குக் கரண்ட் கொடுக்கிறோம், அசைவு கிடைக்கிறது. திருப்பிப் போட்டால், அசைவைக் கொடுத்தால் கரண்ட் வர வேண்டுமல்லவா? ஜெனரேட்டர் அதுதான். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டதும் அதுவே: காயிலை ஊடுருவிப் போகும் காந்தப்புலம் மாறினால் காயிலில் மின்னழுத்தம் பிறக்கும், மாறாமல் சும்மா இருந்தால் ஒன்றும் பிறக்காது. கிட்டார் பிக்கப்பில் காந்தம் அசைவதில்லை, காயிலும் அசைவதில்லை. அசைவது தந்தி மட்டும்தான். அடியில் உள்ள காந்தம் தனக்கு நேர் மேலே இருக்கும் தந்தித் துண்டையும் ஒரு குட்டிக் காந்தமாக்கிவிடுகிறது. தந்தி துடிக்கும்போது அந்தக் குட்டிக் காந்தம் மேலும் கீழும் ஆடுகிறது. காயிலுக்குள் புலம் ஏறி இறங்குகிறது. வினாடிக்கு 220 தடவை தந்தி துடித்தால் 220 ஹெர்ட்ஸ் மின்னோட்டம். ஆக, பிக்கப் காற்றில் வரும் சத்தத்தைக் கேட்பதே இல்லை. தந்தி இரும்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் நிபந்தனை. வீணையின் பித்தளைத் தந்தியை இதன்மேல் என்னதான் மீட்டினாலும் அது செவிடு.

"அப்பொ இது ஜெனரேட்டருங்களா! தந்திதான் ரோட்டரு!" என்றார் கடைக்காரர். இந்தப் புத்தகம் முழுக்க நான் எழுதிய எந்த விளக்கத்தைவிடவும் அது சுருக்கமானது.

தந்தியின் துடிப்பு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதிலிருந்து ஆம்ப்ளிஃபயர் மதிக்கிற அளவுக்கு, அதாவது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்காவது எடுக்க வேண்டுமென்றால் சுற்றுகளின் எண்ணிக்கைதான் வழி. ஒவ்வொரு சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் அழுத்தம் சேர்க்கும். எட்டாயிரம் சுற்று என்று முடிவு செய்தேன். எட்டாயிரம் சுற்றையும் விரல் தடிமனுள்ள இடத்தில் அடக்க வேண்டுமானால் கம்பி மயிரிழையாக இருக்க வேண்டும். நம்மூர் 46 கேஜ் கம்பியின் தடிமன் 0.061 மில்லிமீட்டர், தலைமுடியும் அந்த அளவுதான். ஒரு சுற்றுக்குச் சராசரி 14 சென்டிமீட்டர் என்றால் எட்டாயிரம் சுற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குமேல் கம்பி ஓடும். அத்தனைக்கும் எடை முப்பது கிராம். கடையில் நான் கேட்டது இந்தக் கணக்கை வைத்துத்தான். அவரிடம் 46 கேஜ் இல்லை. கடைசியில் சின்ன ரிலே காயில் சுற்றுபவர் ஒருவரிடம் கிடைத்தது.

பாபினுக்கு, காயில் கடையில் புழங்கும் ஹைலம் ஷீட்டில் இரண்டு பட்டைகள் வெட்டி, தந்திக்கு நேராக ஆறு துளை போட்டு, 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆறு அல்நிக்கோ காந்தக் குச்சிகளை இறுக்கிச் செருகினேன். அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகிய மூன்றின் பெயரையும் ஒட்டவைத்ததுதான் அல்நிக்கோ; இரும்போடு அந்த மூன்றையும் கலந்தது. குச்சிகளைச் சுற்றி மெல்லிய டேப் ஒரு சுற்று. இல்லையென்றால் கம்பியின் எனாமல் காந்தத்தில் உரசிப் போய்விடும்.

பிறகு சுற்றும் வேலை. பழைய தையல் மெஷின் மோட்டார் ஒன்றின் அச்சில் பாபினை மாட்டினேன். எண்ணுவதற்கு ஒரு பழைய உபாயம்: அச்சில் ஒரு சின்னக் காந்தம், அருகில் ரீட் சுவிட்ச், அதன் இரண்டு ஒயரும் ஒரு மலிவு கால்குலேட்டரின் 'சமம்' பொத்தானுக்கு அடியில். ஒன்று கூட்டல் ஒன்று என்று தட்டிவிட்டால், அச்சு சுற்றச் சுற்ற எண் தானாக ஏறும்.

இந்தக் கம்பி எத்தனை பலம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். 65, 70 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அறுந்துவிடும். ஒரு கோழிமுட்டை ஐம்பது கிராமுக்குச் சற்றுக் கூட. (முட்டைக்கு நாமக்கல், கறிக்கோழிக்குப் பல்லடம் என்பதால் இந்த உவமை எங்கள் ஊருக்குக் கொஞ்சம் இடறும், ஆனால் கோழியைத் தொங்கவிட முடியாது.) முட்டையைத் தொங்கவிட்டால் மயிரிழையில் தப்பிக்கும் கம்பியை, ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, சுழலும் பாபினில் கையால் செலுத்த வேண்டும். இறுக்கம் கூடினால் அறுந்துபோகும். குறைந்தால் காயில் தொளதொளவென்று ஊதிக்கொண்டு மூடிக்குள் அடங்காது.

முதல் காயில் மூவாயிரத்துச் சொச்சத்தில் அறுந்தது. இரண்டாவது ஐயாயிரத்தில். மூன்றாவது காயில் எட்டாயிரத்தையும் தொட்டது, மீட்டரில் வைத்தால் ஓட்டமே இல்லை. உள்ளே எங்கோ அறுந்ததை நான் கவனிக்கவே இல்லை. எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, மறுபடி எட்டாயிரம் சுற்றையும் பிரிப்பது. குப்பையில் போட்டேன்.

என்னைக் காப்பாற்றியது வீட்டுக்குப் பின்னாலிருந்த தறிக் குடோன். தறி நாடாவுக்குள் வைக்கும் தாருக்கு நூல் சுற்றும் வேலையை அங்கே ஒரு அக்கா இருபது வருடமாகச் செய்துவருகிறார். என் கூத்தை ஒருநாள் எட்டிப் பார்த்தவர், "கம்பியப் புடிக்காதீங்க சார். ஓட உடுங்க. வெரலு சும்மா பக்கத்துல இருக்கோணும், அவ்வளவுதான்" என்றார். விரல் நுனிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு துண்டு ஃபெல்ட் துணி. கம்பி வரும் சுருள் சுழலாமல் நின்றபடியே இருக்க, அதன் தலைவழியாகக் கம்பி கழன்று வரட்டும் என்பதும் அவர் சொன்னதே. நூல் கோனில் அப்படித்தானே வருகிறது! அதன் பிறகு ஒரு காயில்கூட அறுபடவில்லை. இழை அறுபடாமல் சுற்றும் கைப்பக்குவத்துக்குப் பௌதிகப் பேராசிரியரைத் தேட வேண்டிய அவசியம் பல்லடத்தில் இல்லை.

காயில் கட்டும் கடையில் சுற்று வரிசை குலையாமல், அடுக்கடுக்காக வர வேண்டும். பிக்கப் சுற்றுகிறவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் குறுக்கும் மறுக்குமாகக் கம்பியை அலையவிடுவார்கள். அடுத்தடுத்த சுற்றுகள் ஒட்டி உட்கார்ந்தால் அவற்றுக்கிடையே ஒரு நுண்ணிய கண்டென்சர் உருவாகிறது. எட்டாயிரம் சுற்றில் அது சேர்ந்து உயர்ந்த சுரங்களைத் தின்னும். கலைத்துச் சுற்றினால் அது குறையும். இதை மந்திரம்போல் சொல்லி விலை ஏற்றுகிறவர்களும் உண்டு. என் காதுக்கு அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய வித்தியாசத்தை ஒயர் செய்தது. காயிலுக்கு ஒருவகை மந்தம் உண்டு, மின்னோட்டம் சட்டென்று மாற விடாது. அதற்கு இண்டக்டன்ஸ் என்று பெயர். ஒயருக்குள் கண்டென்சர் குணம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் தூரி மாதிரி. தூரிக்கென்று ஒரு தாளம் இருக்கிறதல்லவா, அந்தத் தாளத்தில் தள்ளினால் உயர உயரப் போகும். அதைவிட வேகமாகத் தள்ளினால் கை வலிக்கும், தூரி நகராது. இண்டக்டன்ஸ் இரண்டரை ஹென்றியும் ஐந்து மீட்டர் ஒயரும் சேர்ந்தால் இந்தத் தாளம் 4,000 ஹெர்ட்ஸ் வாக்கில் விழுகிறது. மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் இடம் அது. பத்து மீட்டர் ஒயர் போட்டால் 3,000-க்கு இறங்கிவிடும். சுரம் போர்வை போர்த்திக்கொள்ளும். பிக்கப்பைக் குறை சொல்வதற்கு முன் ஒயரை அளந்து பாருங்கள்.

சுற்றி முடித்ததும் மெழுகு. கிணற்று மோட்டார் காயிலை வார்னிஷில் முக்கி, சூட்டில் காயவைப்பது எதற்கு? கம்பிகள் அதிர்ந்து ஒன்றோடொன்று உரசி எனாமல் தேயக்கூடாது என்பதற்கு. இங்கே கம்பி அதிர்ந்தால் வேறு வில்லங்கம்: காந்தத்துக்குப் பக்கத்தில் ஆடுகிற கம்பியே தனி பிக்கப்பாகிவிடும், ஆம்ப்ளிஃபயர் கீச்சிடும். நாலு பங்கு பாரஃபின், ஒரு பங்கு தேன்மெழுகு. வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, 65 டிகிரி சூட்டில் காயிலை மூழ்கவைத்தேன். பதினைந்து நிமிடத்துக்குக் காற்றுக் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

மீட்டர் ஏழு கிலோ ஓம் காட்டியது. கணக்குப்படி 6.6 வர வேண்டும். சுற்று கூடிவிட்டதோ என்று ஒரு மணி நேரம் குழம்பினேன். பிறகுதான் அது சித்திரை மாதம் என்பது உறைத்தது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். புத்தகத்துக் கணக்கு 20 டிகிரிக்கு. என் அறையில் 35.

கிட்டாரில் மாட்டி, மருமகன் முதல் தந்தியை மீட்டினான். உருளையை மேலே வழுக்கினான். அறை நிறைந்தது. அடியில் 'ம்ம்ம்ம்' என்று ஒரு முனகலும் கூடவே நிறைந்தது.

நம் கரண்ட் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. பக்கத்துக் குடோனில் எட்டுத் தறி, எட்டு மோட்டார். ஒவ்வொரு மோட்டாரும் தன்னைச் சுற்றி மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலத்தைச் சிந்துகிறது. காயிலுக்கு அது தந்தியா தறியா என்று பகுத்தறியத் தெரியாது. மாறுகிற புலம் எதுவானாலும் வாசித்துவிடும். கிட்டாரைச் சற்றுத் திருப்பினால் முனகல் குறைந்தது. இன்னும் திருப்பினால் ஏறக்குறைய மறைந்தது. புலம் வருகிற திசைக்கு காயில் ஒருச்சாய்த்துப் படுக்கும்போது அதற்குள் ஒன்றும் ஊடுருவுவதில்லை. ஆனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிக்கச் சொன்னால் எந்தக் கலைஞன் கேட்பான்?

"மூடி போட்டா நின்னுரும் மாமா. பழசுல மூடி இருந்துச்சில்ல?" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாதிதான் சரி.

மூடி தடுப்பது மின்புலத்தை. டியூப்லைட், டிம்மர், சுவருக்குள் ஓடும் ஒயர் இவற்றிலிருந்து வரும் 'கிர்ர்' சத்தம், பூமியோடு இணைத்த உலோகக் கூண்டுக்குள் நுழையாது. இதுவும் ஃபாரடே காட்டியதே. ஆனால் தறி மோட்டாரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அரை மில்லிமீட்டர் தகட்டை மதிக்கவே மதிக்காது. அதைத் தடுக்கும் தகடு போட்டால் தந்தியின் புலத்தையும் தடுத்துவிடும், பிக்கப்பே ஊமையாகிவிடும். முனகலுக்கு வேறு மருந்து வேண்டும். கிப்சன் கம்பெனியில் இருந்த சேத் லவர் 1955-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு, 1959-ல் பெற்றார்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு காயில். ஒன்றை மற்றதற்கு எதிர்த்திசையில் இணைத்துவிட்டால், வெளியிலிருந்து வரும் முனகல் ஒன்றில் கூட்டலாகவும் மற்றதில் கழித்தலாகவும் வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். தந்தியின் ஒலியும் அடிபட்டுப் போகாதா? அதற்குத்தான் ஒரு காயிலின் காந்தங்களை வடக்கு மேலாகவும், மற்றதில் தெற்கு மேலாகவும் வைப்பது. காந்தம் திரும்பியதால் தந்தியின் ஒலி ஒருமுறை தலைகீழாகும். காயில் இணைப்பு திரும்பியதால் மறுமுறை தலைகீழாகும். இரண்டு தலைகீழ் சேர்ந்தால் நேர். முனகலுக்கு ஒரே ஒரு தலைகீழ்தான். ஆக, எட்டாயிரம் சுற்றுக் காயிலைக் கழற்றி வைத்துவிட்டு, ஐயாயிரம் சுற்றில் இரண்டு காயில் சுற்றினேன். தார் சுற்றும் அக்கா சொல்லிக்கொடுத்த கை. இரண்டு மாலையில் முடிந்தது.

இப்போது மூடி. திருப்பூரைத் தாண்டி அவிநாசி சாலையில் போனால் அனுப்பர்பாளையம். பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரப் பட்டறைகளுக்குப் பேர்போன இடம். கல்யாணச் சீர்வரிசைக் குடத்திலிருந்து அண்டா வரை தட்டுகிற கை, சோப்புப்பெட்டி அளவு மூடி ஒன்றைத் தட்டித் தராதா என்று போனேன். பட்டறைக்காரர் என் வரைபடத்தைப் பார்த்து, "எதுல வேணுங்க?" என்றார். பித்தளை, எவர்சில்வர், ஜெர்மன் சில்வர் மூன்று தகட்டிலும் வேண்டும் என்றேன். ஏன் மூன்று என்பதைச் சொல்ல வேண்டும்.

வீட்டில் பழைய கரண்ட் மீட்டர் இருந்தால் அதனுள் ஓர் அலுமினியத் தட்டு சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. தட்டுக்குக் கரண்ட் ஒயரும் இல்லை. மாறும் காந்தப்புலம் தட்டுக்குள் சுழல் மின்னோட்டங்களைக் கிளப்புகிறது, அதனால் சுழல்கிறது. அதே மீட்டரில் நிலையான காந்தம் ஒன்று, அதே வகை மின்னோட்டத்தாலேயே தட்டுக்கு பிரேக் போடுகிறது. பிக்கப்பின் மூடியிலும் இந்தச் சுழல் உண்டாகும். தந்தியின் புலம் மாற மாற மூடிக்குள் மின்னோட்டம் சுழன்று, அந்த மாற்றத்தையே எதிர்க்கும். மாற்றம் வேகமாக இருந்தால் எதிர்ப்பும் அதிகம். அடிபடுவது உயர்ந்த சுரங்கள், உருளை வழுக்கும்போது வருகிற அந்தப் பளிச்சென்ற மேல்நாதம்.

ஆகவே, மூடிக்கு மின்சாரத்தைச் சுமாராகக் கடத்தும் உலோகம் வேண்டும். செம்பின் மின்தடையை 1 என்று வைத்தால் அலுமினியம் ஒன்றரை, பித்தளை நாலு, ஜெர்மன் சில்வர் பதினேழு, எவர்சில்வர் நாற்பது வாக்கில். பித்தளை மூடியை மாட்டி வாசித்தபோது கம்பளிக்குள் இருந்து பாடுவதுபோல் இருந்தது. எவர்சில்வரில் பிரகாசம் குறையவில்லை. ஆனால் அதற்கு இரண்டு குணக்கேடு. ஒன்று, சாதாரண ஈயப் பற்று ஒட்டாது. பூமி இணைப்புக்கு ஒயரைப் பற்றவைக்க முடியாது. சேத் லவரும் இந்தக் காரணத்தால்தான் எவர்சில்வரை விட்டார். மற்றது, காந்தத்தில் ஒட்டாத எவர்சில்வர்கூட, அடித்து வளைத்த இடத்தில் லேசாக ஒட்டத் தொடங்கிவிடும். தகட்டுக்குள் அணுக்களின் அடுக்கே மாறிவிடுகிறது. நல்ல எவர்சில்வர் டம்ளர் ஒன்றின் விளிம்பிலும் மூலையிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள், சில டம்ளரில் பிடிபடும்.

எஞ்சியது ஜெர்மன் சில்வர். பெயரில்தான் வெள்ளி, செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்தது. வாங்கும்போது ஓரத்தில் கீறிப் பாருங்கள். பூஜைச் சாமான் கடையில் இந்தப் பெயரில் கிடைப்பது எல்லாம் இது அல்ல. கீறலில் மஞ்சள் தெரிந்தால் முலாம் பூசிய பித்தளை.

பட்டறையில் புளிய மரத்தில் ஓர் அச்சு கடைந்தார்கள், மூடியின் உள்ளளவுக்கு. அரை மில்லிமீட்டர் தகட்டை வெட்டி, அச்சின்மேல் வைத்து, கொட்டாப்புளியால் விளிம்புகளை மெல்ல மடக்கித் தட்டினார் ஒரு பெரியவர். நாலு பக்கம் எளிது. நாலு மூலைதான் கஷ்டம். மூலையில் தகடு அதிகம்; அந்த அதிகத்தைச் சுருக்கம் விழாமல் உள்ளே அமுக்க வேண்டும். தட்டத் தட்ட உலோகம் இறுகும். பளபளத்த தகடு பத்துத் தட்டில் விறைத்துக்கொண்டது. பெரியவர் அதைக் காதருகே வைத்து நகத்தால் சுண்டிக் கேட்டார். "கத்துது. இனி தட்டுனா கிழிஞ்சு போயிரும்" என்று அடுப்புக்கு நகர்த்தினார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். இருட்டில்தான் மங்கல் சிவப்பு தெரியும். அந்தச் சிவப்பு 600 டிகிரிக்கு மேல். ஆறவிட்டு, மறுபடி தட்டினார். இப்படி நாலு தடவை.

தகடு இறுகுவதற்குக் காரணம், அதன் படிகங்களுக்குள் இருக்கும் வரிசைப் பிழைகள் அடிபட்டு அடிபட்டுப் பெருகி, ஒன்றையொன்று பின்னி நகர முடியாமல் மாட்டிக்கொள்வது. சூடு பட்டால் படிகங்கள் புதிதாக வளரும், சிக்கல் அவிழும். பெரியவருக்கு இந்த விவரம் தேவைப்படவில்லை. நகத்தால் சுண்டிய ஓசையிலேயே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிடுகிறது. கிட்டாருக்காக வந்தவனுக்கு, உலோகத்தின் சுருதியைக் கேட்டுத் தகட்டைப் பக்குவம் பார்ப்பவரைக் கண்டதில் ஒரு தனி சந்தோஷம். கூலி வாங்கவே மாட்டேன் என்றார்; மிகவும் வற்புறுத்திக் கொடுத்தேன்.

மூடியை எங்கே பொருத்துவது என்பதில் கடைசி வம்பு. மெட்டுக் கிட்டாரில் பிக்கப்பைக் கழுத்துப் பக்கம் வைத்தால் ஒலி குழையும். மருமகனுக்கு அதுதான் ஆசை. நான் தடுத்தேன். இந்தக் கிட்டாரில் தந்தியின் நீளம் 57 சென்டிமீட்டர். பிரிட்ஜிலிருந்து ஒன்பதரை சென்டிமீட்டரில் பிக்கப் இருந்தால், திறந்த தந்திக்கு அது ஆறில் ஒரு பங்கு. ஆறாவது மேல்நாதம் அங்கே அசையாமல் நிற்கும், பிக்கப்புக்குக் கேட்காது. அது போனால் பரவாயில்லை. ஆனால் உருளையைத் தந்தியின் நடுவுக்கு வழுக்கிக்கொண்டுபோய்ப் பாடவைக்கும்போது நீளம் பாதியாகிறது. அதே ஒன்பதரை இப்போது மூன்றில் ஒரு பங்கு. மூன்றாவது மேல்நாதமே காணாமல் போகும். இன்னும் உள்ளே தள்ளி வைத்தால் மேல் ஸ்தாயியில் உருளை பிக்கப்பின் தலைமேலேயே வந்து நிற்கும். நீளம் மாறிக்கொண்டேயிருக்கும் கருவிக்கு பிரிட்ஜை ஒட்டிய இடம்தான் சரி. நாலு சென்டிமீட்டரில் திருகினோம்.

மாட்டி முடித்த அன்று காயில் கடைக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. மருமகன் உருளையைத் தந்தியில் வைத்து ஒரு நீண்ட வழுக்கல் வழுக்கினான். முனகல் இல்லை. கடைக்காரர் மூடியைத் தொட்டுப் பார்த்தார், பிறகு ஒயரைத் தூக்கிப் பார்த்தார். "இதுல வோல்ட்டு எத்தன வருமுங்க?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார்.

இந்தக் கிட்டாருக்கு என் முடிவு இது: 46 கேஜில் ஐயாயிரம் ஐயாயிரமாக இரண்டு காயில், அரை மில்லிமீட்டர் ஜெர்மன் சில்வர் மூடி, ஐந்து மீட்டருக்கு மேற்படாத ஒயர். தறி ஓடும் ஊரில் ஒற்றைக் காயில் ஆகாது.